வழக்குக் கயிறு

மாமிக்குச் சமாதானத்தின் மேல் தனியாக ஒரு விருப்பமும் இருந்ததில்லை. எந்தப் பொருளும் வீணாகப் போவதுதான் அவருக்குப் பொறுக்காது. அந்த ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்ன மணல் தெருவில், எத்தனை சண்டைகளைத் தீர்த்துவைத்தார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என்னுடைய சண்டையையும் அவர்தான் தீர்த்தார் என்பதால் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வருகிறது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, "என்ட பேரப் போட்டு எழுதினீங்களாம், எனக்கு எவ்வளவுக்கு வரும்?" என்று கேட்கக்கூடிய ஆள். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஓடும் அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் மாமி. நான் பாலமுனையிலிருந்து கலியாணம் முடித்து அங்கே வந்து சேர்ந்தபோது என் மனைவியைப் பெற்ற மாமி மௌத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் எனக்கும் இவர் ஒருவரே மாமி. இது ஐம்பதுகளின் நடுவில். அம்பாறை என்று தனி மாவட்டம் பிறக்காத காலம். நாங்களெல்லாம் மட்டக்களப்புக் கணக்கில் இருந்தோம்.

ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, நெடிய மனுஷி. கயிறு வியாபாரம் செய்த கணவர் போய்ச்சேர்ந்த பிறகு, பிள்ளையும் இல்லாமல், ஒழுங்கையின் நடுவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நாலு பேர் நிற்கும் இடத்துக்கு வந்தால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஸலாம்தான். அடுப்பு மூட்ட நெருப்புக்குச்சி கிழிக்கமாட்டார். சிரட்டையோடு வந்து எங்கள் அடுப்பில் தணல் வாங்கிப் போவார். கலியாண வீட்டில் பன்னீர்ச் செம்பு வந்தால் மற்றப் பெண்கள் கையை நீட்டுவார்கள், மாமி முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தலை நீட்டுவாராம். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அது எவ்வளவுக்கு வரும்?" என்பதுதான். மகனைக் கொழும்பில் படிக்கவைக்கப் போவதாகச் சொன்னவரிடமும் கேட்டார். ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்தவரிடமும் கேட்டார்.

கணவரின் தொழிலை மாமி கைவிடவில்லை. தோணா வாய்க்காலில் ஊறப்போட்ட தேங்காய்ப் பொச்சுமட்டையை அடித்துத் தும்பெடுப்பதும், தும்பை உள்ளங்கையில் உருட்டிப் புரியாக்குவதும் ஒரு ஆளால் முடியும். புரிகளைச் சேர்த்துக் கயிறாக முறுக்குவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும். ஒழுங்கையின் இந்தத் தலைப்பில் ஒருவர், அந்தத் தலைப்பில் ஒருவர் நின்று, மூன்று புரியையும் இழுத்துப் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாகத் தடியால் முறுக்க வேண்டும். புரிகள் ஒன்றுசேரும் இடத்தில், மூன்று ஓட்டை போட்ட சிரட்டையைப் பிடித்துக்கொண்டு மாமி நடந்து போவார். ஒருவர் கைவிட்டாலும் முறுக்கெல்லாம் துள்ளிக்கொண்டு அவிழ்ந்துவிடும். இதற்குக் கூலிக்கு ஆள் பிடித்தால் எவ்வளவுக்கு வரும் என்று மாமி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ இரண்டு பேர் ஒழுங்கையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

அப்படித்தான் அந்த முறை தொடங்கியதாகச் சொன்னார்கள். மாமியிடம் வழக்குக்கு வருகிறவர்கள் காசு கொண்டுவர வேண்டாம், வெற்றிலை கொண்டுவர வேண்டாம். தங்கள் தேத்தண்ணியைத் தாங்களே போத்தலில் கொண்டுவந்து, ஆளுக்கொரு தலைப்பில் நின்று கயிறு முறுக்க வேண்டும். முறுக்கிக்கொண்டே வழக்கைச் சொல்லலாம். இருபது பாகம், அதாவது இருபது ஆள் கை விரித்த நீளம், தள்ளி நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் ஒழுங்கை முழுவதும் கேட்கும். ஒழுங்கை முழுவதும் கேட்டால் பொய் சொல்ல ஏலாது. இரண்டு கையும் தடியில் இருப்பதால் அடிதடிக்கும் வழியில்லை. அதுமட்டுமில்லை, முறுக்க முறுக்கக் கயிறு குறுகும். இரண்டு பேரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அடியடியாகக் கிட்ட வந்தே ஆக வேண்டும்.

சின்னச் சண்டை என்றால் ஆடு கட்டுகிற கயிறு அளவில் முடியும். காணிச் சண்டை தோணிக்கு நங்கூரக் கயிறு வரை போகும். மீன்பிடிக்கிற ஆட்கள் கயிறு வாங்க வந்தால் தடிப்பைப் பார்ப்பதில்லை, "இது என்ன வழக்கு மாமி?" என்றுதான் கேட்பார்கள். ஒரு தோணிக்காரர் கயிற்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "புருஷன் பொஞ்சாதி சண்டக் கயிறு எனக்கு வேணாம், பாதியில தொய்ஞ்சிரும். அண்ணன் தம்பிமார்ட இரிந்தாத் தாங்க" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். மாமி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

கல்முனையில் கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டும் தொங்கு பையுமாக வருவார். ஊரில் பாதிச் சண்டை தன் மேசைக்கு வராமல் மாமியின் ஒழுங்கையில் முடிந்துபோவதில் அவருக்கு மனக்குறை உண்டு. அப்படிப்பட்டவருக்கே தன் மச்சானோடு ஒரு தென்னந்தோட்டப் பிரச்சினை வந்தது. கோட்டுக்குப் போனால் எவ்வளவுக்கு வரும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மாமியின் வாசலுக்கு வந்துவிட்டார். மூன்று பின்னேரம் முறுக்கினார். வழக்கு முடிந்தது. கயிறுதான் ஒன்றுக்கும் உதவவில்லை. மாமி அதை அவிழ்த்துத் திரும்பவும் தும்பாக்கிக்கொண்டே, "படிச்ச ஆக்கள்ட கோவம் நீளம் மகன், இறுக்கம் காணாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பள்ளிக்கூட மாஸ்டர் என்பதை அவர் மறந்து சொல்லவில்லை.

மாமியைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இருந்தது. கயிறு முடியும் முன்னே சண்டை முடிந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது என்றார்கள். இரண்டு நெசவுக்காரச் சகோதரர்கள் மருதமுனையிலிருந்து வந்து முறுக்கத் தொடங்கி, பாதியில் ஒருவர் அழுதுவிட்டாராம். மற்றவரும் தடியைப் போட்டுவிட்டு ஓடிவரப் பார்த்திருக்கிறார். மாமி சிரட்டையைப் பிடித்தபடி, "அழுங்க, அது நல்லம். ஆனா உம்மாட காதுப் பூவ வித்த கதைய இன்னும் ரெண்டு பேரும் கதைக்கல்லயே?" என்று கேட்டாராம். மீதி எட்டுப் பாகமும் அன்றே முடிந்தது.

என் சண்டை கிணற்றுச் சண்டை. எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்கள் பெட்டியோடு வந்து ஏறிக்கொள்பவர்கள். என் மாமனார் தன் வளவை இரண்டாக்கி, மூத்த மகளுக்கு வடக்கையும் இளைய மகளான என் மனைவிக்குத் தெற்கையும் உறுதிப் பத்திரம் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்கு அவ்வளவு கிட்ட நல்ல தண்ணீர் ஊறுவது லேசான காரியமில்லை. எங்கள் பாதியில் வேறெங்கே தோண்டினாலும் சவர், வாயில் வைக்க ஏலாது. மாரிக்கு முன் வேலி மாற்றும் காலம் வந்தபோது, மூத்தவரை முடித்த என் சகலன் புதுத் தென்னோலைக் கிடுகு வேலியைக் கிணற்றுக்குத் தெற்கே வளைத்துக் கட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கிணறு அந்தப் பக்கம் இருந்தது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

சகலன் நெல் வியாபாரி. வயதில் மூத்தவர், நான் காக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். வேலியை ஏன் வளைத்தீர்கள் என்று கேட்டதற்கு, நான் கிணற்றடியில் சைக்கிள் கழுவி எண்ணெய்த் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டேன் என்றார். விடவில்லை, தெறித்தது. தெறித்ததும் ஒரு சொட்டுத்தான் இருக்கும். இதை நான் அவருக்கு அமைதியாக விளக்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் அவரை நெல்லில் கல் கலக்கிறவர் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு இரண்டு வீட்டிலும் கதையில்லை. அக்காளும் தங்கச்சியும்கூட எங்களுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

படித்தவன் அல்லவா, முதலில் அதே பிறக்கிராசியிடம்தான் போனேன். அவர் என் வழக்கை அன்போடு கேட்டார். கல்முனையில் தொடங்கி மட்டக்களப்பு வரை போகும் என்றார். முத்திரைக்கு இவ்வளவு, காணி அளக்கிறவருக்கு இவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். அந்தக் காசுக்கு ஊரில் இரண்டு வளவு வாங்கலாம், கிணற்றோடு. நான் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்தது ஊரின் அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார். அவருக்குக் கூலி கிடையாது, அரசாங்கம் கொடுக்கிறது. ஆனால் அவர் வேலியைப் பார்வையிட வரும் நேரம் எப்போதும் பகல் சாப்பாட்டு நேரமாக இருந்தது. மூன்று தரம் வந்தார், எங்கள் வளவில் மூன்று சேவல் குறைந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்டால் கிணறு பொது என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு நாள் கழித்துச் சகலன் வீட்டில் சாப்பிட்டால் வேலி சரியாகத்தான் இருக்கிறது என்பார். நாலாம் சேவலைப் பிடிக்கும்போது என் மனைவி, "இது முட்டையிடுற கோழி" என்று கையைப் பிடித்துத் தடுத்தாள்.

பிறகு பள்ளிவாசல் மரைக்காயர்மார். அவர்கள் நேர்மையானவர்கள், குறை சொல்லமாட்டேன். குடிக்கு ஒருவராக ஏழு பேர். ஏழு பேருக்கும் பிஸ்கட்டோடு தேத்தண்ணியும், வட்டா நிறைய வெற்றிலையும் வைத்துக் கூப்பிட வேண்டும். ஒருவர் வராவிட்டால் இன்னொரு நாள் மறுபடி எல்லாம் வைக்க வேண்டும். என் வழக்கில் வேறொரு சிக்கல். குடி தாய்வழியில் வருவதால் என் மனைவியும் அவள் ராத்தாவும் ஒரே குடி, ஒரே மரைக்காயர். அவர் எழுந்து எனக்காகக் கொஞ்சம் பேசினார், திரும்பி நின்று சகலனுக்காகக் கொஞ்சம் பேசினார், பிறகு, "ரெண்டு பக்கமும் என்ட குடிதான், நான் ஆருக்கெண்டு கதைக்க?" என்று உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் அது நியாயம் என்று தலையாட்டினார்கள். பிஸ்கட் முடிந்திருந்தது.

இதற்கிடையில் மூன்று ஒழுங்கை தள்ளியிருந்த பொதுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க ஒரு பெண்ணுக்குக் கிழமைக்குக் கிழமை கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் ஒரு நாள், "மாமியிட்டப் போங்களன். அவவுக்கு ஒண்டும் குடுக்கத் தேவல்ல" என்றாள்.

மாமி நான் சொன்னதைக் கேட்கவில்லை. இதுவரை எவ்வளவு போனது என்று மட்டும் கேட்டார். பிறக்கிராசியிடம் போய்வந்த பஸ் காசு, சேவல்கள், பிஸ்கட், தண்ணீர்க் கூலி எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கைவைத்து, "அல்லாவே" என்றார். பிஸ்கட்டுக்குத்தான் அதிகம் வருந்தினார்.

"சரி மகன், நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுட்டு ரெண்டு பேரும் வாங்க. காக்காவுக்கு நான் சொல்றன்" என்றார்.

அன்று பின்னேரம் அவர் எங்கள் குசினிக்கும் சகலன் வீட்டுக் குசினிக்கும் போய்வந்ததைப் பார்த்தேன். தணல் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தொடங்கியது. நான் கடல் பக்கத் தலைப்பு, சகலன் றோட்டுப் பக்கத் தலைப்பு. தடி கையில் ஏறியதும் அவர் குரல் ஏறியது.

"சைக்கிள் கழுவின தண்ணிய நல்ல கிணத்துக்குள்ள ஊத்தினது ஆரு?"

"ஊத்தல்ல காக்கா, தெறிச்சது!"

"தெறிச்சா எண்ண மிதக்குமா? என்ட புள்ளையள் குடிக்கிற தண்ணி!"

"அப்ப என்ட புள்ள? என்ட பொஞ்சாதி வயித்துப் புள்ளையோட மூணு ஒழுங்க தாண்டித் தண்ணி சுமக்கிறா, தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரிந்தவரை இது பொய்யில்லை, அன்று காலையிலிருந்து உண்மையாகியிருந்தது. தண்ணீர் சுமந்த பெண்ணை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படியும், தானே பார்த்துக்கொள்வதாகவும் என் மனைவி சொல்லியிருந்தாள். இந்த வயிற்றோடு எப்படி என்று நான் ஒரு தரம் கேட்டேன். நானே அள்ளித் தருகிறேன் என்றும் சொன்னேன். ஆம்பிளை குடம் தூக்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றாள். நான் உடனே ஒத்துக்கொண்டேன். கூலி மிச்சமாயிற்று என்றுகூட நினைத்தேன். மாமியோடு பழகினால் அப்படித்தான் ஆகும்.

அந்த வசனத்தை நான் ஒவ்வொரு நாளும் கத்தினேன். வயிற்றுப் பிள்ளையோடு, மூணு ஒழுங்கை தாண்டி. கத்தும்போதெல்லாம் வேலிகளுக்குப் பின்னால் பெண்கள் கூடிநின்று வாயைப் பொத்திக்கொள்வது கிடுகு இடுக்கால் தெரியும். என் துயரம் அவர்கள் மனதை உருக்குகிறது என்று நம்பினேன். அதனால் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கத்தினேன். வீட்டுக்குப் போனால் மனைவி தேத்தண்ணி தருவாள். அது நல்ல ருசியாக இருக்கும். பொதுக் கிணற்றுத் தண்ணீரும் பரவாயில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

ஐந்தாம் நாள் சகலன் கொஞ்சம் இறங்கினார். "சரி, காலையில மட்டும் வந்து அள்ளட்டும்" என்றார். மாமி சிரட்டையை நிறுத்தாமல், "அப்ப பின்னேரம் அவங்களுக்குத் தாகிக்காதா?" என்று என் பக்கம் பார்த்துக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஒன்பதாம் நாள் நான் இறங்கினேன். சைக்கிள் விஷயம் என் பிழைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "அண்டைக்கு மையத்து ஊட்டுல ஸலாம் சொல்லாமப் போனதும் பிழதானே மகன்?" என்றார் மாமி. நான் அதை மறந்திருந்தேன், சகலனும் மறந்திருந்தார். அன்று மட்டும் நாலு பாகம் கூடுதலாக ஓடியது. என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போயின. கரும்பலகையில் எழுதச் சுண்ணக்கட்டி பிடிக்க ஏலாமல் இருந்தது.

இருபத்தோராம் நாள், நாங்கள் முறுக்கிக்கொண்டிருக்கும்போது கரைவலை முதலாளியின் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து மாமியிடம் காலூன்றினான்.

"மாமி, எங்கட வலைக் கயிறு எப்ப முடியும்? முதலாளி ஏசுறாரு."

மாமி குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"இன்னும் முப்பது பாகம்தான் தம்பி. பயப்புட வேணாமெண்டு சொல்லுங்க. ரெண்டு பேரும் நல்ல சூடா இரிக்காங்க, வெள்ளிக்குள்ள முடிச்சிரலாம்."

நான் சகலனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் நாங்கள் நேராக முகம் பார்த்தது அதுதான் முதல் தரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தடியைப் போட்டோம். முறுக்கெல்லாம் துள்ளிக்கொண்டு அவிழ்ந்தது. மாமி ஐயோ ஐயோ என்று கயிற்றின் பின்னால் ஓடினார்.

"வாங்க மாஸ்டர்" என்றார் சகலன். "இவ நம்மள மாடாக்கிச் செக்குல கட்டியிரிக்கா. இனி ஒரு பாகம் முறுக்கினா நான் என்ட வாப்பாட மகனில்ல. கிணறு ரெண்டு ஊட்டுக்கும் பொது. வேலிய இப்பவே புடுங்குவம்."

"சைக்கிள் என்ட பிழதான் காக்கா. நெல்லுக் கதையும் நான் சொல்லியிரிக்கக் கூடா."

"நெல்லுல கொஞ்சம் கல் இரிக்கும்தான்" என்றார் அவர்.

இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நடந்தோம். என் மனைவியின் கஷ்டம் இன்றோடு தீருகிறது என்ற நினைப்பில் நடையை எட்டிப் போட்டேன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. வளவைச் சுற்றிப் பின்பக்கம் போனோம்.

வேலியில் கிணற்றுக்கு நேரே இரண்டு கிடுகைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு படலை, கயிற்று வளையம் போட்டுக் கட்டி, திறந்து கிடந்தது. படலையிலிருந்து எங்கள் குசினி வரை மணலில் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது. கிணற்றுக் கட்டில் ராத்தா உட்கார்ந்து என் மனைவியின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி காலை நீட்டி, ராத்தாவின் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்து வெள்ளரிப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் குடம் இரண்டும் நிரம்பிப் பக்கத்தில் இருந்தன.

எங்களைக் கண்டதும் ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. அழவில்லை.

"எப்பயிருந்து இது?" என்று கேட்டேன்.

"மாமி வந்து கதைச்ச அண்டையிலிருந்து" என்றாள் என் மனைவி.

"என்னிட்டச் சொல்லியிரிக்கலாமே! நான் அங்க நின்டு ஊர் முழுக்கக் கேக்க..."

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

"தண்ணி எங்கால வருது எண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

இருபத்தொரு நாள் அவளுடைய தண்ணீருக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து, எட்டு மாத வயிற்றோடு குடம் தூக்குகிறாளென்று நான் நம்பிய அந்த மனுஷியிடம், இடுப்பு நோகிறதா என்றுகூட ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சகலனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் படலையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வளவில் ஒரு படலை முளைத்து மூன்று கிழமையாகியும் அவர் கண்ணில் படவில்லை.

வெட்கத்தை வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாத ஆட்கள் நாங்கள். நேரே மாமியிடம் போய்ச் சத்தம் போட்டோம். அவர் ஒழுங்கை மணலில் குந்தியிருந்து அவிழ்ந்துபோன புரிகளைப் பிரித்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"பொம்புளையள்ட வழக்கு முதல் நாளே முடிஞ்சிது மகன்" என்றார் நிமிராமல். "உறுதியில பேர் இரிக்கிறது அவங்கடதானே. ஒரு வெத்தில மெல்லுற நேரம்தான் போச்சி."

"அப்ப எங்கள என்னத்துக்கு இவ்வளவு நாள் இழுத்தடிச்சீங்க?" என்று சகலன் கத்தினார்.

"உங்கட வழக்க என்னெண்டு தீக்கிற? வளவு உங்கட இல்ல, கிணறு உங்கட இல்ல. கோவம் மட்டும்தான் உங்கட." மாமி ஒரு புரியை வாயில் கடித்து முடிச்சை எடுத்தார். "அத்தின கோவம். சும்மா விட்டா வீணாத்தானே போகும்."

மாமி எழுந்து, மணலில் கிடந்த இரண்டு தடியையும் பொறுக்கி, முந்தானையால் துடைத்து எங்களிடம் நீட்டினார்.

"இப்ப என்னோட கோவமா வந்திரிக்கீங்க. இன்னும் முப்பது பாகம் கிடக்கு."

வாப்பாவின் மகனில்லை என்று சத்தியம் செய்த சகலன்தான் முதலில் கையை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு கடல் பக்கத் தலைப்புக்கு நடந்தேன். அன்று இரண்டு பேரும் ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை. வேலிகளுக்குப் பின்னாலும் சத்தமில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். மாமியின் மேல் உள்ள கோபம் இரண்டு பாகத்திலேயே தீர்ந்துவிட்டது, மற்றதெல்லாம் என் மேல்தான். நிமிர்ந்து பார்த்தபோது சகலன் முகம் தெளிவாகத் தெரியும் கிட்டத்தில் நின்றார், கண் சிவந்திருந்தது. அந்தக் கடைசித் துண்டுதான் முழுக் கயிற்றிலும் இறுக்கம் என்று கரைவலை முதலாளி தடவிப் பார்த்துச் சொன்னாராம். மாமி உடனே அதற்கு மட்டும் தனி விலை கேட்டு வாங்கிக்கொண்டார்.